புல் பக்கம் ஒதுங்கும் வண்டிகள்

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். தெரு முனையில் நின்று "டிரைவிங் மாஸ்டர் வீடு எது?" என்று கேட்டால் பால் போடுகிறவர்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே வண்டி பாதையை விட்டு இறங்குகிறது என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் புல் கிழிந்து கிடந்ததே, அதை எப்படி மறைப்பது?

கேட்டிலிருந்து பின்பக்கத்து ஷெட் வரைக்கும் சிமெண்டுப் பாதை. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர். மறுபக்கம், வீட்டை ஒட்டி, நீளமாகப் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தது. தண்ணீர் கேட்காது, வெட்ட ஆள் தேட வேண்டாம் என்று மாஸ்டரே ஆசைப்பட்டுப் போட்டது. நிறம் கொஞ்சம் வெளுத்திருந்ததே தவிர மற்றபடி புல்லுக்கு ஒரு குறையும் இல்லை. பாதி வழியில் ஒரு இடத்தில் மட்டும் ஓரம் நைந்து, இழைகள் செத்துப் படுத்து, அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் வெளியே வந்துவிட்டது. ஓரத்தைத் தாங்கும் மரச்சட்டமும் சக்கரம் ஏறி ஏறிப் பிளந்திருந்தது.

"நீதான் ஏத்துறே," என்பார் மாஸ்டர்.

"நான் ஏன் ஏத்தப் போறேன்? உங்க ஸ்டூடண்ட்டுங்க ஏத்துறாங்க," என்பாள் அவர் மனைவி. அவள் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்தாள். அவளுக்கென்று தனியாக ஒரு சின்ன வண்டி இருந்தது.

"கேட்டுக்குள்ள ஸ்டூடண்ட் கையில ஸ்டியரிங்கக் கொடுக்க எனக்கென்ன கிறுக்கா?"

"அப்போ நீங்கதான்."

அதோடு பேச்சு நின்றுவிடும். அந்த வீட்டில் ஒரு வருஷமாகவே எந்தப் பேச்சும் முழுசாக முடிவதில்லை. மாஸ்டரின் தம்பி போனதிலிருந்து அப்படித்தான்.

தம்பியைத் தெருவே சின்னவர் என்றுதான் கூப்பிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு, பயிற்சி வண்டிகள் இரண்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். பழைய வண்டியைச் சுவர் ஓரமாக நிறுத்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் புகுந்துவிட்டால் மனிதர் உலகத்தையே மறந்துவிடுவார். கழற்றிய நட்டுகளை உதட்டில் கவ்வி வைத்துக்கொள்கிற பழக்கம் உண்டு. அதனால் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. பாதையில் நீட்டியிருக்கும் காலை ஆட்டினால் கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

அப்படி ஒரு நாள் வண்டிக்கு அடியிலேயே இதயம் நின்று போய்விட்டார். காலையில் தான் கிளம்பும்போது தம்பி குழாயடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான் என்று மாஸ்டர் சொன்னார். சாயங்காலம் வேலையிலிருந்து வந்தபோதுதான் பார்த்தேன் என்று மனைவி சொன்னாள். உயிர் முற்பகலிலேயே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பழைய வண்டியை விற்றாயிற்று. சுவர் ஓரம் இப்போது காலி. பாதை முன்னைவிட அகலமாக, வெறிச்சென்று கிடந்தது. புல் கிழிய ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

*

கிழிந்த புல்லைச் சரிசெய்யப் புல்லுக்காரர் வந்தபோது காற்றுக்காலம். காற்று என்றால் குளிர்ந்த காற்று இல்லை. அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு காற்று, தெருப் புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கொட்டும். பிளாஸ்டிக் புல்லில் கை வைக்க முடியவில்லை. சூடேறிய ரப்பர் வாடை வீட்டுக்குள் வரை அடித்தது.

புல்லுக்காரர் பருத்த மனிதர், பேச்சுக்காரர். கூடவே அவர் மனைவியின் தம்பியும் வந்திருந்தார். தாடி நரைத்த ஆள். தொழிலில் அக்கா வீட்டுக்காரருக்குச் சமமான கூட்டாளி. வேலையில் எப்படியோ அப்படியே சாப்பாட்டிலும் கெட்டி.

"கார்ப்பெட் ஓரம் கிழிஞ்சிருக்குன்னு போன்ல சொன்னீங்க," என்றார் புல்லுக்காரர், குனிந்து விரலால் ரப்பரைத் தூக்கிப் பார்த்தபடி. "கார்ப்பெட்னு சொல்லாதீங்க சார். கார்ப்பெட்னா வீட்டுக்குள்ள. இது புல்லு. என்ன, உயிர் இல்ல, அவ்வளவுதான்."

"கிழிஞ்சதுக்குக் காரணம் என்னங்க? பழசாயிடுச்சா?"

"பழசானா எல்லா இடமும்தானே போகணும்? இது சக்கரம். இங்க மட்டும் ஏறி இறங்குது." அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இந்தா, இங்க ஏறுது. இங்க இறங்குது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்தா எவ்வளவு இடம் விட்டு ஒதுங்குவோமோ, அந்த அளவுக்கு வளைஞ்சு போகுது."

மாஸ்டர் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

நைந்த பகுதியைப் பின்பக்கமாகத் திருப்பி, ரப்பரில் இருக்கும் தையல் வரிகளுக்கு நடுவே கத்தியை விட்டு இழுத்து வெட்டினார்கள். முன்பக்கமாக வெட்டினால் இழை அறுந்து ஓரம் மொட்டையடித்த மாதிரி ஆகிவிடும். பிளந்த சட்டத்தைப் பிடுங்கிவிட்டுப் புதுச் சட்டம் அடித்தார்கள். அடியில் ஜல்லித்தூளைக் கொட்டித் திமிசுக்கட்டையால் தட்டி இறுக்கினார்கள். புதுத் துண்டை வைப்பதற்கு முன் மச்சினர் அதை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தார்.

"சாய்வு மாறுது மாமா. பழசு வீட்டுப் பக்கம் சாயுது, இது தெருப் பக்கம் சாயுது."

"திருப்பி வை. வகிடு மாறித் தலை வாரின மாதிரி இருக்கக் கூடாது."

இணைப்பு டேப்பை விரித்துப் பசை தடவி இரண்டு ஓரங்களையும் சேர்த்து, மேலே மணல் மூட்டைகளை வரிசையாக ஏற்றிவிட்டு, பசை இறுகட்டும் என்று சாப்பிட உட்கார்ந்தார்கள். மாஸ்டர் மனைவிக்கு அன்று விடுமுறை. தண்ணீரும், அவித்த முட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்க மச்சினர் கூச்சப்படுறாரா? முட்டை அப்படியே இருக்கு?"

"கூச்சமா? இவனா?" புல்லுக்காரர் சிரித்தார். "நாங்க வீட்லேருந்து கொண்டாந்ததை முடிச்சுட்டு அதுக்கு வருவான் மேடம். வரிசைப்படி போவான்."

சாப்பிட்டு முடித்ததும் மச்சினர் சுவர் ஓரத்து நிழலைத் தேடிப் போய், துண்டை விரித்துக் காலை நீட்டிப் படுத்தார். சமையலறை ஜன்னலருகே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நுரைக் கையோடு வெளியே ஓடிவந்தாள்.

"அங்க படுக்காதீங்க! எழுந்திருங்க!"

மச்சினர் பதறி எழுந்தார். "ஏம்மா, பூச்சி கீச்சி வருமா?"

"இல்ல. அங்க... வெயில் வந்துடும். இந்தப் பக்கம் வந்து படுங்க."

வெயில் வர வெகு நேரம் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தலையாட்டினார். துண்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மணலைத் தூவி, கெட்டி பிரஷ்ஷால் இழைகளை நிமிர்த்திவிட்டபோது ஒட்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மாஸ்டர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அருமை," என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது கணவன் மனைவி இருவரும் புல்லைப் பற்றி நாலு வார்த்தை நன்றாகவே பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் அதே இடம் மறுபடியும் கிழிந்தது.

*

"என் பசை மேலே பழி வரக் கூடாது சார்," என்று சொல்லிக்கொண்டே வந்து இறங்கினார் புல்லுக்காரர். "நீங்க வண்டிய எடுங்க. நான் பார்க்குறேன்."

"நான் எடுக்கிறதைப் பார்க்கணுமா? என்னையா?"

"தப்பா நினைக்காதீங்க. சக்கரத்தைத்தான் பார்க்குறேன்."

மாஸ்டர் கடுகடுத்த முகத்தோடு ஷெட்டுக்குள் போய் வண்டியில் ஏறினார். புல்லுக்காரர் பாதை முழுக்க லேசாக மணலைத் தூவிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். வண்டி பின்பக்கமாக ஊர்ந்து வந்தது. நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. பாதி வழியில், யாரும் சொல்லாமல், வண்டியின் பின்பக்கம் மெல்லப் புல் பக்கம் ஒதுங்கியது. சக்கரம் சட்டத்தின் மேல் ஏறி, புல்லை நசுக்கி, கொஞ்ச தூரம் போய், மறுபடியும் பாதைக்கு இறங்கியது. அப்புறம் கேட்டு வரை நூல் பிடித்த மாதிரி நேர்.

மாஸ்டர் இறங்கி வந்தார். "பார்த்தீங்களா? எங்கயாவது ஏறுச்சா?"

புல்லுக்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. மணலில் பதிந்திருந்த தடத்தை மட்டும் கையால் காட்டினார்.

மாஸ்டர் அந்தத் தடத்தைப் பார்த்தார். "நான் திருப்பலையே," என்றார். சத்தியம் செய்கிற குரல். "ஸ்டியரிங்க இம்மிகூடத் திருப்பலைங்க."

"தரை சாய்வா இருக்கலாம் சார்," என்றார் புல்லுக்காரர். அவரே ரசமட்டத்தை எடுத்துப் பாதையின் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்தார். குமிழி எந்த இடத்திலும் நடுவை விட்டு நகரவில்லை.

ஜல்லித்தூள் மூட்டைகள் தெருவில் நின்ற வேனில் இருந்தன. போன தடவை சின்ன வேலை என்பதால் வேனை உள்ளே கொண்டுவரவில்லை. இந்த முறை அடித்தளத்தையே தோண்டிப் போடலாம் என்று வந்திருந்ததால், மச்சினர் வேனைப் பின்பக்கமாக உள்ளே விட்டார். மாஸ்டர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி டீ டம்ளர்களோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். வேன் மெதுவாக வந்து, அந்த இடத்தில் புல் பக்கம் ஒதுங்கி, நின்றுவிட்டது. மச்சினர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"மாமா, அந்த ஆளைக் கொஞ்சம் காலை மடக்கிக்கச் சொல்லுங்க. மூட்டையோட இதுக்கு மேல ஒதுங்க முடியாது."

"சொன்னா கேக்க மாட்டார்," என்றாள் மாஸ்டர் மனைவி. ரொம்பச் சாதாரணமாக, டம்ளர்களைப் பார்த்தபடியே சொன்னாள். "வாயில நட்டு வெச்சிருப்பார். நான் சாப்பிடக் கூப்பிட்டேன், அதுக்கே பதில் இல்ல. நீங்க இப்படி ஒதுங்கிப் போயிடுங்க. மத்தியானம் நான் அப்படித்தான் போனேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. தட்டைப் படியில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் முகத்தில் வழியும் தண்ணீரோடு திரும்பினார்.

"மத்தியானமா?"

அவர் குழாயை மூடிவிட்டு அருகில் வந்தார்.

"அன்னைக்கு மத்தியானம் நீ வீட்டுக்கு வந்தியா? கடையிலேயே சாப்பிட்டேன்னு சொன்னியே?"

"வந்தேன்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வண்டியைப் புல் மேல ஏத்தி ஒதுங்கி வந்தேன். சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டேன். காலை ஆட்டலை. முந்தின நாள் நீங்க திட்டினதுக்குக் கோபம்னு நினைச்சேன். தட்டு வெச்சு மூடிட்டு, திரும்ப அதே மாதிரி ஒதுங்கிப் போயிட்டேன். சாயங்காலம் வந்தப்போ வெயில் முழுசா அவர் பாதத்துல விழுந்துட்டிருந்துச்சு. அந்த வெயில்லகூட காலை இழுத்துக்கலை. அப்போதான் எனக்கு..."

"மத்தியானமே பார்த்திருக்கே. பார்த்துட்டுப் போயிருக்கே."

"ஆமாங்க."

"குனிஞ்சு பார்க்கலாம்னு தோணலையா? ஒரு தடவை? மனுஷின்னா குனிஞ்சு பார்க்க மாட்டாளா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று புல்லுக்காரர் பின்னால் தன் மனைவியிடம் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் எழுந்து உள்ளே போனாள்.

மச்சினர் இன்னும் வேனுக்குள்தான் இருந்தார். இறங்கச் சொன்னதற்கு மாட்டேன் என்றார். புல்லுக்காரர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"மாப்ளே, நீ என்னத்தைப் பார்த்தே?"

"கண்ணாடியில பார்த்தேன் மாமா. செருப்பில்லாத கால். ரெண்டு பாதத்துலயும் வெயில் அடிச்சுது."

இருவரும் சுவர் ஓரத்தைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் அங்கே முழுக்க நிழல்தான் இருந்தது.

*

வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் புல்லுக்காரருக்கு இல்லை. சில நாள் கழித்து அவர் மட்டும் வந்தார். மச்சினருக்கு முதுகுவலி என்று சொன்னார். மாஸ்டர் நம்பினாரோ இல்லையோ, கேட்டுக்கொள்ளவில்லை.

"கல்லு வெச்சுடுங்க," என்றார் மாஸ்டர். "மரச்சட்டம் வேண்டாம். புல் ஓரம் பூரா உயரமா கல்லு. சக்கரம் ஏறவே முடியக் கூடாது."

"வெச்சுடலாம். ஆனா வண்டி ஒதுங்குச்சுன்னா கல்லுல இடிக்கும் சார்."

"இடிக்கட்டும்."

புல்லுக்காரர் கருங்கல் துண்டுகளைக் கலவையில் பதித்துக் கயிறு கட்டி வரிசை பிடித்தார். கிழிந்த துண்டை எடுத்துவிட்டுப் புதுத் துண்டை ஒட்டி, அதன் ஓரத்தைக் கல்லோடு இறுக்கி ஆணி அடித்தார். வீட்டுக்குள் பேச்சுச் சத்தமே இல்லை. இரண்டு பேரும் இருந்தார்கள். ஆனால் ஒருவர் கூடத்துக்கு வந்தால் மற்றவர் சமையலறைக்குப் போனார். கதவு சாத்துகிற சத்தம், பாத்திரம் வைக்கிற சத்தம், அவ்வளவுதான். புல்லுக்காரருக்குத் தண்ணீர் கொடுக்க வந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது.

"மக வீட்டுக்குப் போறேன்," என்றாள், அவர் கேட்காமலேயே. "கல்லெல்லாம் அழகா இருக்கு."

"கலவை இறுகட்டும் மேடம். அப்புறம்தான் வண்டி விடணும்."

கலவை இறுகிய பிறகு ஒரு முற்பகலில் அவள் பெட்டியோடு கேட்டருகே வந்து நின்றாள். வாடகை வண்டி வரவேண்டும். புல்லுக்காரர் கடைசியாக ஒரு தடவை பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். காற்று நின்றுவிட்டிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மாஸ்டர் வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார். ஷெட்டுக்குப் போய் வண்டியை எடுத்தார்.

வண்டி நேராக வந்தது. புல்லுக்காரர் பிரஷ்ஷை நிறுத்திவிட்டார். அந்த இடத்துக்கு வந்ததும் வண்டியின் வால் புல் பக்கம் திரும்பியது, கல்லைத் தொட்டது, நின்றது. கொஞ்சம் முன்னால் போய், மறுபடி பின்னால் வந்தது. மறுபடியும் கல். வண்டிக்குள் மாஸ்டர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் பிடித்திருந்தது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வண்டி அங்குலம் அங்குலமாக நேராகி, பின்னால் நகர்ந்து, சரியாக அந்த இடத்துக்கு மேலே வந்தது.

சட்டென்று பிரேக் அடித்தார். என்ஜின் அணைந்தது.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். ஓட்டமாகச் சுவர்ப் பக்கம் வந்து, முழங்கால் போட்டு, அப்புறம் சிமெண்டில் கன்னம் பதியப் படுத்து, வண்டிக்கு அடியில் பார்த்தார். கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"டேய்," என்றார். "டேய், காலை மடக்குடா."

புல்லுக்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். மாஸ்டர் மனைவி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள்.

"யாரும் இல்லைங்க," என்றாள்.

"நான் குனியலை." அவர் தலையைத் தூக்கவில்லை. குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. "அன்னைக்குக் காலையில அவன் குழாயடியில நிக்கலை. பொய் சொன்னேன். இங்கதான் கிடந்தான். நானும் புல் மேல ஏத்தி ஒதுங்கித்தான் போனேன். போறப்போ, மத்தியானம் வண்டி ரெடியா இருக்கணும்டான்னு கத்திட்டுப் போனேன். ஒரு கால் ஆடுச்சு."

"ஆடுச்சா?"

"கேட்டுச்சுங்கிறதுக்கு ஆட்டுவானே, அது மாதிரி இல்ல. வேற மாதிரி ஆடுச்சு. அப்போ தெரியலை. அப்புறம்தான் தெரிஞ்சுது. நீ வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நான் போனப்போ முடியலை."

அவள் கை அவர் முதுகுக்கு மேலே வந்து, தொடாமல் நின்றது.

"இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தானா என்னை மனுஷியான்னு கேட்டீங்க?"

அவர் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. வெளியே வாடகை வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"எழுந்திருங்க. சிமெண்டு சுடுது," என்றாள். அவர் எழவில்லை. அவளும் மெல்லக் குந்தி, சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"நான் போயிட்டுத்தான் வருவேன். இன்னைக்கு என்னால இங்க இருக்க முடியாது. ஃபிரிட்ஜுல ரெண்டு நாளைக்குச் சாப்பாடு இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

புல்லுக்காரர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தார்.

*

அவள் திரும்பி வந்தபோது காற்றுக்காலம் முடிந்து மழை தொடங்கியிருந்தது. யாரும் போய் அழைக்கவில்லை. மாஸ்டர் தினமும் போன் பண்ணினார் என்றும், முதலில் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார் என்றும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார் என்றும் மகள் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். வந்தவள் தன் சின்ன வண்டியைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினாள். அதற்குமேல் அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

மாஸ்டரிடம் ஒரு மாற்றம் வந்தது. வண்டியை எடுக்குமுன் சுற்றி வந்து, மண்டியிட்டு, அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். அப்படிப் பார்த்துவிட்டு எடுத்தால் வண்டி அவ்வளவாக ஒதுங்குவதில்லை. கல்லில் லேசாக உரசும், அவ்வளவுதான். பிறகு பாடமே வீட்டு ஷெட்டிலிருந்து தொடங்கியது. புதிதாகச் சேருகிறவர்களும் முதலில் குனிந்து பார்க்க வேண்டும். வேட்டி கசங்கும், முழங்கால் வலிக்கும் என்று சொன்னவர்களுக்கு வேறு மாஸ்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தெருவில் இதைக் கேலி பேசினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி முதல் பாடத்துக்கு வந்தாள். ஊருக்குப் புதியவள். வண்டி பாதி வழியில் நின்றிருந்தது. மாஸ்டர் கேட்டைத் திறக்கப் போனவர், தாழ்ப்பாள் மழையில் இறுகியிருந்ததால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொன்னார்.

"முதல்ல அடியில குனிஞ்சு பாரும்மா. பார்த்துட்டு ஏறு."

அவள் சுவர்ப் பக்கம் போனாள். குனிந்தாள். நிமிர்ந்து ஓரமாக வழிவிட்டு நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மாஸ்டர் வந்து பக்கத்தில் ஏறினார். "பார்த்தியா?"

"பார்த்தேன் சார். மெக்கானிக் வேலை பார்த்துட்டிருந்தார். வண்டி எடுக்கப் போறோம்னு சொன்னேன். எழுந்து போயிட்டார்."

மாஸ்டர் அவளையே பார்த்தார். அவள் சாவியைப் பிடித்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தாள்.

"எடுக்கட்டுமா சார்?"

"எடு," என்றார் அவர். மறுபடியும் சொன்னார். "எடும்மா."

அவள் தட்டுத்தடுமாறிக் கிளட்ச்சை விட்டாள். வண்டி குலுங்கியது, நகர்ந்தது. முதல் நாள் ஓட்டுகிறவள், ஸ்டியரிங்கை எதற்கும் திருப்பத் தெரியாதவள். வண்டி கல்லைத் தொடாமல், சுவரைத் தொடாமல், கேட்டு வரைக்கும் நேராகப் போனது.

பாடம் முடிந்து அவளை அனுப்பிவிட்டு மாஸ்டர் வீட்டுக்குள் வந்தார். மனைவி அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கம் போனாராம்?"

"அதைக் கேக்கலையே."

"என்னங்க நீங்க!" என்றாள். "அதைக் கேக்க வேண்டாமா?"

அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். ஈரம் உலராத பாதையில் வெறுங்காலோடு நடந்து, அந்த இடத்தைத் தாண்டிக் கேட்டுக்குப் போனாள். நெற்றிக்கு மேல் கையை வைத்துத் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தாள். பிறகு அந்தக் கோடியைப் பார்த்தாள். மாஸ்டரும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.